செண்டுமல்லிக்கு அடித்த மருந்து – ஒரு சிறு வரலாறு

தோட்டத்தில் பூச்சி வராமல் இருக்க செண்டுமல்லி வையுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தக்காளிக்குப் பக்கத்தில் வை, கத்தரிக்குப் பக்கத்தில் வை, பாத்தியைச் சுற்றி வேலி மாதிரி வை. சரி, அந்தச் செண்டுமல்லிக்கே பூச்சி வந்தால் என்ன வைப்பது?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்தான் இவ்வளவு நீளமான பதிவு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். தாவரவியல் பத்தாவதோடு சரி. ஆனால் ஒரு கணக்கு எங்கே இடிக்கிறது என்று பழைய பேரேடுகளைப் பின்னோக்கிப் புரட்டும் பழக்கம் இருபது வருடமாக இருக்கிறது. அதே பழக்கத்தில் இந்தக் கணக்கையும் புரட்டினேன். போய் நின்ற இடம், நான் இப்போது குடியிருக்கும் இதே போபால்!

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு முன்னால் வாங்கி வைத்த எட்டுத் தொட்டி செண்டுமல்லி. தீபாவளி, பொங்கல் எல்லாம் தாண்டி நன்றாகப் பூத்தது. பிப்ரவரி கடைசியில் வெயில் ஏற ஆரம்பித்ததும், இலைகளில் ஊசியால் குத்தியது போல வெளிறிய புள்ளிகள். ஒரு வாரத்தில் இலை சாம்பல் பூத்து, மொட்டுகளுக்கு இடையில் மெல்லிய நூலாம்படை. ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துச் செடியைத் தட்டினால் மிளகாய்ப் பொடி மாதிரி புள்ளிகள் விழுந்தன. பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தப் புள்ளிகள் நடக்கின்றன! நம் ஊர் வேளாண்மைப் பக்கங்களில் சிலந்திப்பேன், செஞ்சிலந்தி என்று எழுதுவார்களே, அதுதான். எட்டுக் கால். பூச்சி இனமே இல்லை, சிலந்திக்குத்தான் சொந்தம்.

நர்சரிக்காரரிடம் போய்ச் சொன்னேன். "தவா டால் தீஜியே, சாஹப்" என்று ஒரு புட்டியை எடுத்து நீட்டினார். நம் ஊராக இருந்தால் "மருந்து அடிங்க சார்" என்றிருப்பார். இரண்டு மொழியிலும் இதற்குப் பெயர் மருந்துதான், கவனித்தீர்களா? அதே சமயம் நம் கிராமங்களில் "அவன் மருந்தைக் குடிச்சிட்டான்" என்றால் யாரும் காய்ச்சல் மருந்து என்று எடுத்துக்கொள்வதில்லை. ஒரே சொல்லுக்குள் வைத்தியமும் சாவும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. புட்டியை வாங்காமல் வந்துவிட்டேன். இந்த 'மருந்து' எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

பூ வந்த வழி

இந்தப் பூவே நம்முடையது இல்லை. வடக்கே எந்தக் கோவிலுக்குப் போனாலும், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கேந்தா மாலைதான். வேத காலத்திலிருந்து இருப்பது போல ஒரு தோற்றம். ஆனால் இதன் சொந்த ஊர் மெக்சிகோவும் அதைச் சுற்றிய பகுதிகளும். அங்கே அஸ்டெக் மக்கள் வைத்த பெயரிலிருந்து வந்த 'செம்பசூச்சில்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. நவம்பர் முதல் நாட்களில் இறந்தவர்களுக்கான திருநாளில், ஆவிகள் வீட்டுக்கு வழி கண்டுபிடித்து வர இந்தப் பூவைத்தான் வாசலிலிருந்து பரப்பி வைக்கிறார்கள்.

ஸ்பெயின்காரர்கள் 16ஆம் நூற்றாண்டில் அங்கே போன பிறகு இது கடல் தாண்டியது. ஐரோப்பாவில் ஒரு வகைக்கு 'ஆப்பிரிக்க' என்றும் இன்னொன்றுக்கு 'பிரெஞ்சு' என்றும் அடைமொழி ஒட்டிக்கொண்டது. இரண்டுக்கும் ஆப்பிரிக்காவோடும் பிரான்சோடும் பிறப்புத் தொடர்பு கிடையாது. லின்னேயஸ் 1753இல் இரண்டையும் 'டஜீடஸ்' என்ற பேரினத்தில் சேர்த்தார். இந்தியாவுக்குப் போர்ச்சுகீசியர் வழியாக வந்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான கருத்து. மிளகாய், தக்காளி, பப்பாளி, புகையிலை வந்த அதே பாதை.

நம்மவர்கள் இதை மறைக்கவும் இல்லை. துலுக்கச் சாமந்தி என்று பெயர் வைத்தார்களே, 'சாமந்தி மாதிரி இருக்கிறது, ஆனால் வெளியூர்' என்றுதானே அதற்கு அர்த்தம்! தெற்கே சில ஊர்களில் கேந்திப்பூ என்பார்கள். அது இங்கே உள்ள கேந்தாவுக்குப் பக்கத்துவீடு. பிழைக்க வந்த ஊரில் இவ்வளவு வேர் விட்ட இன்னொரு செடியைக் காட்டுவது கஷ்டம். வெளியூரில் குடித்தனம் நடத்தும் நமக்கு இதன் மேல் கொஞ்சம் பாசம் வருவது இயற்கைதான். :-)

புகையிலைத் தண்ணீரிலிருந்து பாரிஸ் பச்சை வரை

செடிக்கு 'மருந்து' என்ற கதையும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. புகையிலையை ஊறவைத்த தண்ணீரைப் பூச்சிக்குத் தெளிக்கும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பிரான்சில் இருந்தது. நம் ஊரிலும் தாத்தாமார்கள் புகையிலைத் தண்ணீர் தெளித்ததைக் கேட்டிருப்பீர்கள். அதில் வேலை செய்வது நிகோடின். இயற்கையானது என்பதற்காகச் சாது என்று நினைத்துவிட வேண்டாம், நல்ல விஷம். இந்த நிகோடினை நினைவில் வையுங்கள், கடைசியில் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வரும்.

இன்னொன்று, செண்டுமல்லிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. பைரெத்ரம் என்று சாமந்தி இனத்து வெள்ளைப்பூ. காயவைத்துப் பொடித்தால் பூச்சிக்கொல்லி. கொசுவத்திச் சுருள் முதலில் இந்தப் பொடியில்தான் செய்யப்பட்டது. இன்று அதில் இருப்பது இதன் செயற்கை உறவினர்கள்.

19ஆம் நூற்றாண்டில் ஆர்செனிக் வந்தது. 1860களில் அமெரிக்க உருளைக்கிழங்கு வயல்களில் 'பாரிஸ் பச்சை' என்ற சாயப்பொடி. 1890களில் ஈய ஆர்செனேட். பழத்தோட்டங்களில் இதை மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். ஆனால் அந்தக் காலத்தில் சிலந்திப்பேன் பெரிய பிரச்சனையாக எங்கும் பேசப்படவில்லை. இருந்தது, ஆனால் சில்லறை எதிரி. அதைத் தின்ன வேறு சிறு பேன்களும் பொறிவண்டுகளும் அதே இலையில் இருந்தன.

டி.டி.டி.யும் நடக்கும் புள்ளிகளும்

டி.டி.டி.யை 1874இலேயே ஒரு மாணவர் சோதனைச்சாலையில் செய்துவிட்டார். அதற்குப் பூச்சியைக் கொல்லும் சக்தி இருக்கிறது என்று 1939இல் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர். உலகப்போரில் டைபஸ் காய்ச்சலைப் பரப்பிய பேன்களை ஒழித்தது, மலேரியாவைக் குறைத்தது. 1948இல் முல்லருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். மருந்து என்ற பெயருக்கு இதைவிடப் பெரிய முத்திரை கிடையாது.

நம் நாட்டிலும் 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வீட்டுச் சுவரில் அடித்துவிட்டுத் தேதியைக் கிறுக்கிவிட்டுப் போவார்களே, என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் திட்டத்தால் பிழைத்த உயிர்கள் லட்சக்கணக்கில். இதைச் சொல்லாமல் வரலாறு எழுதினால் அது நேர்மை இல்லை. சுவரில் அடித்தது வேறு கணக்கு. வயலிலும் தோட்டத்திலும் கொட்டியது வேறு கணக்கு.

தோட்டக் கணக்கு 1940களின் கடைசியிலேயே இடிக்க ஆரம்பித்தது. டி.டி.டி. அடித்த பழத்தோட்டங்களில் புழு செத்தது, சிலந்திப்பேன் பெருகியது. காரணம் எளிமையானது. டி.டி.டி. சிலந்திப்பேனை அவ்வளவாகக் கொல்வதில்லை. அதைத் தின்னுகிற பொறிவண்டையும் இரைபிடிக்கும் பேன்களையும் நன்றாகக் கொல்கிறது. போலீஸ்காரரை எல்லாம் மாற்றல் செய்துவிட்டால் தெருவில் என்ன நடக்குமோ அதுதான் இலையில் நடந்தது.

ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய 'மௌன வசந்தம்' நூலில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1956இல் அமெரிக்க வனத்துறை ஊசியிலை மரங்களைத் தின்னும் புழுவுக்காக 8,85,000 ஏக்கர் காட்டில் டி.டி.டி. தெளித்தது. அடுத்த கோடையில் மேலிருந்து பார்த்தால் காடு பழுப்பேறிக் கிடந்தது. இந்த முறை புழு இல்லை, சிலந்திப்பேன்!

அமெரிக்கா 1972இல் டி.டி.டி.யைத் தடை செய்தது. இந்தியாவில் 1989இல் வேளாண்மையிலிருந்து அதை விலக்கினார்கள். பொடியாகத் தூவிக்கொண்டிருந்த பி.எச்.சி.க்கு 1997இல் தடை வந்தது.

பாலிடாலும் ஒரு சட்டமும்

நடுவில் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். 1958இல் பம்பாயிலிருந்து கொச்சிக்கு வந்த சரக்கில் கோதுமை மாவு மூட்டைகளோடு பாரத்தியான் என்ற பூச்சிமருந்தும் வந்தது. நம் ஊர்க்காரர்களுக்குப் பாலிடால் என்றால் உடனே புரியும். அது கசிந்து மாவில் கலந்தது. கேரளத்தில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த விசாரணையின் தொடர்ச்சியாகத்தான் 1968இல் இந்தியப் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது.

புட்டியின் மேல் ஒரு சாய்சதுரம் இருக்கும், அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த ஏற்பாடும் இந்தச் சட்டத்தின் கீழ் வந்ததுதான். சிவப்பு என்றால் கடுமையான விஷம். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றால் விஷமே இல்லை என்று அர்த்தம் கிடையாது, குறைவு என்றுதான் அர்த்தம். வீட்டில் ஏதாவது புட்டி இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள்.

போபாலில் தயாரான தோட்டத்துப் பொடி

இப்போது நான் இருக்கும் ஊருக்கு வருகிறேன். யூனியன் கார்பைடு என்றால் எல்லோருக்கும் விஷவாயு ஞாபகம் வரும். அந்த ஆலை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. இங்கேயே பிறந்து வளர்ந்த என் அலுவலகத்து இளைஞர்கள் சிலர்கூட 'ஏதோ கெமிக்கல்' என்றுதான் சொன்னார்கள்.

அது செய்தது 'செவின்' என்ற பூச்சிமருந்து. வேதிப்பெயர் கார்பரில். அந்த நிறுவனம் 1950களின் கடைசியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. டி.டி.டி. போல உடம்பில் தங்காது, பத்திரமானது என்று பேர் வாங்கியது. பருத்திக்கும் காய்கறிக்கும் மட்டுமில்லை. அமெரிக்காவில் வீட்டுத் தோட்டக்காரர்கள் ரோஜாவுக்கும் செண்டுமல்லிக்கும் தூவிய சாதாரணப் பொடி இதுதான்.

போபால் ஆலை 1969இல் தொடங்கியது. 1980 முதல், செவினுக்கு வேண்டிய மீதைல் ஐசோசயனேட்டை இங்கேயே தயாரித்துப் பெரிய தொட்டிகளில் சேர்த்து வைத்தார்கள். ஆனால் எதிர்பார்த்த விற்பனை இல்லை. ஆலை நட்டத்தில் ஓடியது. நட்டம் வந்தால் நிர்வாகம் என்ன செய்யும்? செலவைக் குறைக்கும். ஆட்களைக் குறைத்தார்கள். தொட்டியைக் குளிராக வைக்கும் இயந்திரத்தை 1984 ஜூனில் நிறுத்தினார்கள். கசியும் வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. கடன் விண்ணப்பங்களோடு வரும் லாப நட்டக் கணக்குகளைப் படிப்பது என் தொழில். செலவு குறைந்திருந்தால் நாங்கள் அதை நல்ல குறி என்று எடுத்துக்கொள்வோம். எந்தச் செலவு குறைந்தது என்று அந்த ஒரு வரியில் தெரியாது.

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, ஏறத்தாழ 40 டன் வாயு ஊருக்குள் இறங்கியது. மாநில அரசு ஒப்புக்கொண்ட சாவு 3,787. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் சொல்வது இதைப்போலப் பல மடங்கு. பாதிப்படைந்தவர்கள் என்று அரசு 2006இல் நீதிமன்றத்தில் கொடுத்த எண்ணிக்கை 5,58,125. 1989இல் முடிந்த சமரசத் தொகை 47 கோடி டாலர். வகுத்துப் பார்த்தேன், ஆளுக்கு 850 டாலர்கூடத் தேறவில்லை. கூடுதல் இழப்பீடு கேட்ட சீராய்வு மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக்கழிவு 2025 ஜனவரியில்தான் பீதம்பூருக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

ஆலைக்கு எதிரே ஜே.பி. நகரில் குழந்தையை அணைத்தபடி ஒரு தாயின் சிலை இருக்கிறது. 1985இல் நெதர்லாந்துச் சிற்பி ரூத் வாட்டர்மேன் செய்தது. டிசம்பர் 3 அன்று அங்கே பூ வைப்பார்கள்.

இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. கார்பரிலும் சிலந்திப்பேனைக் கொல்வதில்லை. டி.டி.டி. போலவே அதன் எதிரிகளைக் கொன்று அதைப் பெருக்குகிறது. தேனீக்களையும் கொல்கிறது. செவின் தூவினால் சிலந்திப்பேன் ஏறும் என்று தோட்டக்கலைக் கையேடுகளே எச்சரித்தன. ஒரு நகரமே விலை கொடுத்த மருந்து, என் தொட்டியில் நடந்த புள்ளிகளுக்கு மருந்தே இல்லை. இந்தியாவில் கார்பரில் 2018 ஆகஸ்ட்டில் தடை செய்யப்பட்டது, விபத்து நடந்து 34 ஆண்டு கழித்து.

சட்டை மாற்றி வந்த நிகோடின்

புகையிலையை ஞாபகம் வைத்திருக்கச் சொன்னேன் அல்லவா? நிகோடினின் அமைப்பை ஒட்டிச் செய்யப்பட்ட இமிடாகுளோபிரிட் 1991இல் சந்தைக்கு வந்தது. அசுவினி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சிகளுக்கு நன்றாக வேலை செய்யும். தேனீக்களுக்கு ஆபத்து என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் திறந்தவெளியில் இதன் பயன்பாட்டை 2018இல் தடுத்தது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வண்டுக்காக எல்ம் மரங்களுக்கு இதைக் கொடுத்தார்கள். பிறகு அந்த மரங்களில் என்ன பெருகியது என்று 2011இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஊகித்திருப்பீர்கள். சிலந்திப்பேன்தான்!

நர்சரிக்காரர் எனக்கு நீட்டிய புட்டியில் இருந்ததும் இதே சரக்குதான். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எட்டுக்காலும் ஆறுகாலும் அவருக்கு ஒரே 'கீடா'தான்.

வேம்பும் செண்டுமல்லியும்

இன்னொரு வரிசைக் கணக்கும் இதே காலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லாவற்றையும் மொட்டையடித்தபோது வேப்பமரத்தை மட்டும் விட்டுவைத்ததை ஹைன்ரிச் ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கவனித்தார். 1962இல் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். பிரதானும் உடன் வேலை செய்தவர்களும், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தொடுவதில்லை என்று காட்டினார்கள். 1968இல் இங்கிலாந்தில் அதன் சாரமான அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. பூஞ்சணத்துக்கு வேப்பெண்ணெய் என்ற பழைய சங்கதிக்கு ஒரு அமெரிக்க நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கின. அது 2000இல் ரத்தாகி, 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. நம் பாட்டிமார்கள் ஜெயித்த வழக்கு!

சரி, செண்டுமல்லி பூச்சியை விரட்டும் என்பது பொய்யா? பாதி உண்மை. 1950களில் நெதர்லாந்தில் பூக்கிழங்குப் பயிர்களில், செண்டுமல்லி போட்ட மண்ணில் வேரைத் தாக்கும் நூற்புழு குறைவதைக் கண்டார்கள். அதன் வேரில் உள்ள டெர்தையனைல் என்ற பொருள்தான் காரணம் என்று 1958இல் நிறுவினார்கள். அதாவது, மண்ணுக்குக் கீழே அது காவல்காரன்.

மண்ணுக்கு மேலே அது விரட்டுவதில்லை, அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் சொன்ன முறை இது: 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. தக்காளி நாற்று 25 நாள், செண்டுமல்லி நாற்று 45 நாள் வயது. இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டுவிட்டு இங்கே வந்து முட்டை வைக்கும். குடும்பத்தில் மூத்தவர் மாதிரி, எல்லோருக்கும் வருவதைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்டதை நாமும் கொஞ்சம் கவனிக்க வேண்டாமா?

பால்கனிக்குச் சுருக்கமாக

இதையெல்லாம் படித்த பிறகு நான் செய்தது இவ்வளவுதான்.

1. வெயில் ஏறும் மாதங்களில் வாரம் இரண்டு முறை இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது. சிலந்திப்பேனுக்கு வறட்சியும் தூசியும் பிடிக்கும், ஈரம் பிடிக்காது.

2. புள்ளி தெரிந்தால் காலையில் இலைக்கு அடியில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று நான்கு தடவை. பாதிக்கு மேல் கெட்ட கிளையை வெட்டி, பையில் கட்டி வெளியேற்றிவிடுவது.

3. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். முதலில் சில துளி சோப்புக் கரைசலில் எண்ணெயைக் கலக்கிவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மிதக்கும். வெயில் இறங்கிய பிறகு, இலைக்கு அடியில், வாரம் ஒரு முறை. விரிந்த பூவில் அடிக்க வேண்டாம், காலையில் தேனீ வரும்.

4. வேப்பங்கொட்டை கிடைத்தால் 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கலாம்.

5. உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். கொழுத்த இளந்தளிர்தான் அசுவினிக்கு விருந்து. தொட்டிகளை ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள், காற்று ஓட வேண்டும்.

6. பொறிவண்டைக் கண்டால் விட்டுவிடுங்கள். அது நம் ஊழியர், சம்பளம் கேட்காது.

எட்டுத் தொட்டியில் ஆறு பிழைத்தது. இரண்டைப் பிடுங்கிப் போட்டேன். மார்ச் மாதத்துச் செண்டுமல்லி எப்படியும் வயதான செடிதான், அதற்காக ஒரு புட்டி விஷம் வீட்டுக்குள் வர வேண்டியதில்லை. இந்தப் பூவை நாம் சாமிக்குப் போடுகிறோம், வாசலில் கட்டுகிறோம், குழந்தைகள் இதழைப் பிய்த்துக் கோலத்தில் நிரப்புகிறார்கள், பிறகு அதே கையால் சாப்பிடுகிறார்கள். அடுத்த முறை யாராவது "மருந்து அடிங்க" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பூச்சிக்கு? அதைத் தின்னும் பூச்சிக்கு என்ன ஆகும்? முக்கோணம் என்ன நிறம்?

உங்கள் ஊரில் இந்தப் பூவுக்கு என்ன பெயர், உங்கள் வீட்டில் பூச்சிக்கு என்ன கைவைத்தியம் செய்வார்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். மாவுப்பூச்சிக்கு எனக்கு இன்னும் சரியான வழி பிடிபடவில்லை.